பக்கத்து மனையில் நாலாவது தளம் ஏறியபோது: மதுரைக் கோயிலைச் சுற்றி வீடு வைத்திருப்பவர்களுக்கு

மதுரை மீனாட்சி அம்மன் கோயிலிலிருந்து 1 கிலோமீட்டர் தூரத்துக்குள் 9 மீட்டருக்கு மேல் யாரும் கட்டடம் கட்டக்கூடாது. 1997-ல் வந்த அரசாணை அப்படிச் சொல்கிறது. 9 மீட்டர் என்றால் ஏறக்குறைய இருபத்தொன்பதரை அடி, அதாவது தரைத்தளமும் அதற்கு மேல் இரண்டு மாடியும். நான்கு வெளி வீதிகளுக்குள் இருக்கும் ஏறக்குறைய அத்தனை வீடும் கடையும் இந்த எல்லைக்குள் வந்துவிடும். இந்த விஷயம் எங்கள் பக்கத்தில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். ஆனால் நம் சுவரை ஒட்டிய மனையில் ஒருவர் இதை மீறி ஏறிக்கொண்டே போனால் முதலில் எங்கே போவது, என்ன காகிதம் கேட்பது, எந்த நாளுக்குள் கேட்பது, எவ்வளவு செலவாகும் என்று எனக்குச் சொல்ல ஒரு ஆள் கிடைக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் தனியாக அலைந்து, கையில் இருந்த சேமிப்பில் பெரும்பகுதியைக் கரைத்துத் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. தாத்தா கட்டியது. முகப்பு பதினைந்து அடிதான், ஆனால் உள்ளே ரயில் பெட்டி போல நீளமாகப் போகும். சுண்ணாம்புக் காரைச் சுவர், தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை, நடுவில் ஒரு முற்றம். இந்தப் பகுதியில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடைவெளி கிடையாது, ஒரே சுவரை இரண்டு பக்கமும் பகிர்ந்துகொள்வோம். மொட்டை மாடியில் நின்றால் தெற்குக் கோபுரம் முழுசாகத் தெரியும். அம்மா காலையில் எழுந்ததும் மாடிக்குப் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் அடுப்படிக்கே வருவார். பக்கத்து வீடும் இதே வயசு. அந்தக் குடும்பத்தில் பாகம் பிரிக்க முடியாமல் கடைசியில் வெளியாள் ஒருவருக்கு விற்றுவிட்டார்கள். வாங்கியவர் லாட்ஜ் கட்டப்போகிறார் என்று சந்து முழுக்கப் பேச்சு. எங்களிடம் கேட்டபோது "வீடுதாங்க, பையனுக்கு" என்றார்.

பக்கத்து வீட்டை இடிப்பதற்கு முன்னால் உங்கள் வீட்டை அணு அணுவாகப் படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு அறையிலும் நான்கு சுவர், கூரை, தரை, வாசல் நிலை, பொதுச் சுவர், எல்லாமே. லைசென்ஸ் உள்ள ஒரு சிவில் இன்ஜினியரைக் கூப்பிட்டு வீட்டின் இப்போதைய நிலையை எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் ஐந்தாயிரம் முதல் பத்தாயிரத்துக்குள் செய்து தருகிறார்கள். எங்களிடம் இருந்தது தங்கை கல்யாணத்தில் எடுத்த போட்டோக்கள் மட்டும்தான். நல்லவேளையாக அதில் கூடத்துச் சுவர் பின்னால் சுத்தமாகத் தெரிந்தது, பிற்பாடு அதுவே சாட்சியாகவும் நின்றது. ஆனால் எல்லார் வீட்டுக் கல்யாணப் படத்திலும் சுவர் தெரியும் என்று சொல்ல முடியாது.

அடித்தளம் தோண்ட ஆரம்பித்த வாரமே கூடத்தில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் இறங்கியது. பொதுச் சுவரை ஒட்டி, எங்கள் கடைக்காலைவிட ஆழமாக, எந்த முட்டும் கொடுக்காமல் பள்ளம் எடுத்திருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் பாரத்தைத் தாங்கும், ஆனால் பக்கத்தில் மண் நகர்ந்தால் தாங்காது. அங்கே நின்ற இன்ஜினியரிடம் போய்ச் சொன்னேன். "பழைய வீடுங்கக்கா, அது தானா விடுற விரிசல்" என்றார். அன்றைக்கு ராத்திரி நானும் அம்மாவும் கூடத்தில் படுக்கவில்லை, வாசல் பக்கத்து அறைக்குப் பாயை எடுத்துக்கொண்டு போய்விட்டோம். பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது, அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாதது இன்னும் பெரிய வேதனை. எனக்குத் தெரிந்த வயசான கொத்தனார் ஒருவர்தான் வழி சொன்னார். விரிசலுக்குக் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையையும் சிமெண்ட் வைத்துச் சுவரோடு ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுதி வைக்கச் சொன்னார். விரிசல் நகராவிட்டால் கண்ணாடி அப்படியே இருக்கும். நகர்ந்தால் உடைந்துவிடும். எங்கள் வீட்டில் வைத்த கண்ணாடிகள் ஒவ்வொன்றாக உடைந்தன. உடைந்ததை எல்லாம் தேதியோடு படம் எடுத்தேன். "தானா விட்டது" என்ற வாதத்துக்கு அதுதான் பதிலானது.

அப்புறம் தூண்களுக்கான கம்பிகள் நின்றன. கீழே நிறுத்தும் கம்பியின் கனத்தையும் எண்ணிக்கையையும் பார்த்தாலே எத்தனை மாடி மனசில் வைத்திருக்கிறார்கள் என்று அனுபவமுள்ள மேஸ்திரி சொல்லிவிடுவார். எங்களுக்குச் சொன்னவர் "இது மூணோட நிக்கிற கம்பி இல்லைம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் அலைய ஆரம்பித்தேன். இதைப் படிப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: கம்பி நிற்பதற்கும் மூன்றாவது கூரை கான்கிரீட் போடுவதற்கும் நடுவில் உள்ள காலம்தான் உங்கள் கையில் இருக்கும் காலம். நாலாவது கூரை விழுந்துவிட்டால் "கட்டுவதை நிறுத்து" என்பது "கட்டியதை இடி" என்று ஆகிவிடும். நிறுத்துவதற்கு ஒரு நோட்டீஸ் போதும். இடிப்பதற்கு வருஷங்கள் ஆகும்.

முதலில் கையில் எடுக்க வேண்டியது அவர்களுக்குக் கிடைத்த அனுமதி வரைபடம். வேலை நடக்கும் இடத்தில் அனுமதி எண் எழுதிய பலகை இருக்கிறதா பாருங்கள். எங்கள் பக்கத்து மனையில் பலகையே இல்லை. திட்ட அனுமதி கொடுத்த அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய்க்குக் கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. எழுதும் விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. "ஏன் இதற்கு அனுமதி கொடுத்தீர்கள்" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். கதவு எண், வார்டு, பிளாக், டி.எஸ். நம்பர் (நகர நில அளவை எண்) எல்லாம் போட்டு, திட்ட அனுமதி ஆணையின் நகல், அங்கீகரித்த வரைபடத்தின் நகல், கள ஆய்வு அறிக்கையின் நகல் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கூடவே "கோப்பை நேரில் பார்வையிட அனுமதி வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், அந்த உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. எனக்கு முதலில் மூன்றாம் நபர் தகவல், தர முடியாது என்று பதில் வந்தது. மேல்முறையீட்டுக்குப் பிறகு கிடைத்தது. அந்தக் காத்திருப்பில் பக்கத்தில் இரண்டு கூரை விழுந்துவிட்டது. அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள், இடிக்க ஆரம்பித்த அன்றைக்கே மனுவைப் போட்டுவிடுங்கள்.

வரைபடம் கைக்கு வந்த அன்று உட்கார்ந்து பார்த்தால் தரைத்தளம், இரண்டு மாடி, குடியிருப்பு என்று சாதுவாக இருக்கிறது. வெளியே எழும்புவதோ ஒவ்வொரு தளத்திலும் வரிசையாகச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் குளியலறைக் குழாய். வீட்டுக்கு எதற்கு இத்தனை குளியலறை? வரைபடத்தில் பின்பக்கம் விட்டிருந்த காலியிடமும் நேரில் இல்லை. உயரம் மட்டும் விஷயம் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எவ்வளவு மனையை மூடுகிறார்கள், எத்தனை சதுர அடி எழுப்புகிறார்கள், என்ன உபயோகத்துக்கு என்று எல்லாமே சேர்ந்துதான் ஒரு கட்டடத்தின் பருமன். அதனால் மனு எழுதும்போது உயரத்தோடு நிறுத்திவிடாமல் எல்லா மீறலையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒன்று நிற்காவிட்டால் இன்னொன்று நிற்கும்.

உயரத்தை நாமே அளக்கலாம். லேசர் மீட்டர் இரண்டு மூவாயிரத்துக்குக் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் உங்கள் மொட்டை மாடியிலிருந்து டேப்பின் நுனியில் ஒரு கனத்தைக் கட்டித் தெருவுக்கு இறக்குங்கள். உங்கள் மாடியின் உயரம் தெரிந்தால் பக்கத்துக் கூரை அதற்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்று கணக்குப் போடுவது சுலபம். எந்தத் தரையிலிருந்து அளப்பது என்பதில் நிச்சயம் தகராறு வரும். மனைக்குள் மண்ணைக் கொட்டி மேடாக்கிவிட்டு அங்கிருந்து அளக்கச் சொன்னார்கள். மேல் தளத்தை மாடிப்படிக் கூண்டு, லிப்ட் அறை, தண்ணீர்த் தொட்டிக்கான மேடை, இதெல்லாம் உயரக் கணக்கில் வராது என்றார்கள். படிக்கட்டுக் கூண்டுக்கு எதற்கு அறை அறையாகத் தடுப்புச் சுவர் என்று நான் எடுத்த போட்டோவைத்தான் காட்ட வேண்டியிருந்தது. அதனால் ஒவ்வொரு கூரைக்கும் சென்ட்ரிங் அடிக்கும்போதும், கான்கிரீட் போடும்போதும், தடுப்புச் சுவர் எழும்பும்போதும் ஒரே இடத்தில் நின்று படம் எடுங்கள். கோபுரமோ தெரிந்த கடைப் பலகையோ பின்னால் விழுகிற மாதிரி எடுத்தால் இடத்தைப் பற்றி யாரும் வாதாட முடியாது.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-ல் 56, 57 என்று இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. 57 அனுமதியில்லாத கட்டுமானத்தை நிறுத்தச் சொல்வது, 56 அகற்றச் சொல்வது. திட்ட அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கு எழுதும் மனுவில் இந்த இரண்டையும் பெயர் சொல்லி எழுதுங்கள். நேரில் கொடுத்து "பார்க்கிறோம்மா" என்ற வார்த்தையோடு திரும்பி வராதீர்கள், நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள், அதோடு தபாலிலும் அனுப்புங்கள். முன்பு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் போடுவோம், இப்போது அது ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டதால் அதிலேயே ஒப்புகை கேட்டு அனுப்ப வேண்டும். அந்தச் சீட்டு இல்லாமல் நீங்கள் புகார் கொடுத்ததாகவே கணக்கு இல்லை.

இந்த இடத்தில் தனிமையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சந்தில் எல்லாருக்கும் கஷ்டம் இருந்தது. தூசி, லாரி, ராத்திரி இரண்டு மணிக்குக் கான்கிரீட் மிக்சர். ஆனால் மனுவில் கையெழுத்து கேட்டபோது ஒவ்வொரு வாசலிலும் ஒரு காரணம் சொன்னார்கள். சிலர் தங்கள் வீட்டு மாடியிலும் தகரக் கூரை போட்டிருக்கிறோம், நாளைக்கு எங்களைக் கேட்டால் என்றார்கள். அது நியாயமான பயம்தான், அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. "ஏம்மா, உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு" என்று முகம் தெரியாதவர்கள் போனில் கேட்டார்கள். சித்தப்பா, "கேசுன்னு இறங்கினா வீட்ல விளக்கேத்த நேரம் இருக்காது தாயி" என்றார். மனை வாங்கியவர் ஒரு நாள் பழக்கூடையோடு வந்து, சுவரைத் தானே பூசித் தருவதாகவும் கையில் ஒரு லட்சம் தருவதாகவும் சொன்னார். அம்மா வாங்கிக்கொள்ளலாமா என்று என் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. பொறாமையில் பண்ணுகிறேன் என்று சந்துமுனையில் பேசியதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

பொறாமை இல்லை. இந்த ஊர் போட்ட விதம் அப்படி. கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அப்புறம் ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று ஒன்றுக்கு வெளியே ஒன்றாகச் சதுரம் சதுரமாகப் போகிற ஊர் இது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்த பிறகுதான் வெளி வீதிகள் வந்தன. வீதிகளில் சாமி வருகிறது, மாசி வீதிகளில் தேர் ஓடுகிறது. இந்த வீதிகளின் அகலம் இரண்டு மாடி வீட்டுக்கான அகலம். ஏறக்குறைய 170 அடி உயரமுள்ள தெற்குக் கோபுரம் ஊரில் எங்கே நின்றாலும் தெரிந்ததற்குக் காரணம், அது உயரமாக இருந்தது மட்டும் இல்லை, சுற்றியிருந்தவர்கள் தணிவாகக் கட்டினார்கள். பக்தி இல்லாதவர்களுக்கும் இதில் காரணம் இருக்கிறது. 2018 பிப்ரவரியில் கோயிலுக்குள் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த ராத்திரியை நாங்கள் மறக்கவில்லை. எங்கள் சந்தில் ஆட்டோவே ஒடுங்கித்தான் வரும். அங்கே ஐந்து தளத்தில் ஆள் தங்கினால் தீயணைப்பு வண்டி எங்கே நிற்கும்? நாலு குடும்பத்துக்குப் போட்ட சாக்கடையில் நாற்பது குளியலறைத் தண்ணீர் எப்படிப் போகும்?

அதே நேரத்தில் இந்த விதியால் கஷ்டப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். மூன்று அண்ணன் தம்பி, அரை சென்ட்டுக்குக் கொஞ்சம் அதிகமான மனை, மேலே ஏறாமல் எப்படிப் பிரிப்பது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மும்பையில் பாரம்பரியக் கட்டடத்தின் சொந்தக்காரர் தான் கட்ட முடியாமல் போன பரப்பை வேறு இடத்தில் கட்டுகிறவருக்கு விற்க வழி வைத்திருக்கிறார்கள், டி.டி.ஆர். என்பார்கள். 9 மீட்டரை மதித்துப் பழைய வீட்டைக் காப்பாற்றுகிறவர்களுக்கு மதுரையிலும் அப்படி ஒன்று நடைமுறையில் கிடைக்க வேண்டும். மீறுகிறவருக்கு லாட்ஜ் வருமானம், மதிக்கிறவருக்கு ஒழுகும் கூரை என்று இருந்தால் எத்தனை நாளைக்கு மதிப்பார்கள்?

சரி, கோர்ட்டுக்கு வருகிறேன். மனுவுக்குப் பதில் வராததால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் போட்டேன், அதாவது அதிகாரிகள் தங்கள் கடமையைச் செய்ய உத்தரவு கேட்கும் மனு. வக்கீல் பீஸ், டைப்பிங், நகல் எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்துக்கு மேல். மனை உரிமையாளரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள். அவரைக் கேட்காமல் அவருக்கு எதிராக உத்தரவு வராது, பிறகு சேர்ப்பதற்குள் மாதங்கள் போய்விடும். "என் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிட வேண்டும்" என்று மட்டும் கேட்டால் பரிசீலிக்கத்தான் உத்தரவு வரும். கட்டுமானத்தை நிறுத்த இடைக்கால உத்தரவும் சேர்த்துக் கேட்கச் சொல்லி வக்கீலிடம் வற்புறுத்துங்கள். எங்கள் வழக்கில் இரண்டு தரப்பையும் விசாரித்துக் குறிப்பிட்ட வாரங்களுக்குள் முடிவெடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று அம்மாவுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனேன். ஆனால் அங்கிருந்துதான் நீண்ட பாதை. விசாரணை, அளவெடுப்பு, நோட்டீஸ், கடைசியில் மேல் தளங்களுக்குச் சீல். சீல் வைத்ததும் மனை உரிமையாளர் அதே நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 80-ஏ பிரிவில் அரசிடம் மறுசீராய்வுக்குப் போனார். அது அவருக்குச் சட்டம் கொடுத்த வழி, தடுக்க முடியாது. ஆனால் அந்த விசாரணையில் நம் தரப்பையும் கேட்க வேண்டும் என்று உடனே எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் அங்கே என்ன நடந்தது என்பதே நமக்குத் தெரியாது.

சுவர் சேதத்துக்கு ரிட் உதவாது, அதற்கு சிவில் கோர்ட்தான். முதல் வேலையாக, கோர்ட் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் வந்து பார்க்க மனு போடுங்கள். அவர் இன்ஜினியரோடு வந்து அளந்து, படம் எடுத்துக் கொடுக்கும் அறிக்கை, நாம் எடுத்த நூறு போட்டோவைவிட எடை உள்ளது. ஜன்னல் வெளிச்சம் அடைபட்டவர்களுக்கு இன்னொன்று: 1882-ம் வருஷத்து வசதியுரிமைச் சட்டத்தில் 20 வருஷம் தடையில்லாமல் அனுபவித்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உரிமை கேட்க இடம் இருக்கிறது. எங்கள் மாடி அறை ஜன்னல் தாத்தா காலத்தது என்பதற்குப் பழைய பத்திரத்தின் வரைபடமே போதுமானதாக இருந்தது. பத்திரங்களைப் பரணில் தேடி எடுத்து வையுங்கள்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். கூடத்துச் சுவருக்கு முட்டுக் கொடுத்து, சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆட்களைத் தேடிப் பிடித்துச் சரிசெய்ய இரண்டே முக்கால் லட்சம். சிமெண்ட் வைத்துப் பூசினால் மலிவு, ஆனால் பழைய சுவரில் சிமெண்ட் ஈரத்தை உள்ளே அடைத்துவிடும், கொஞ்ச நாளில் பொரிந்து விழும், அதனால் அதற்குச் சம்மதிக்கவில்லை. இரண்டு கோர்ட்டுக்கும் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குப் பக்கம். இன்ஜினியர் அறிக்கை, நகல், தபால், ஆட்டோ எல்லாம் முப்பதாயிரம் இருக்கும். லீவு போட்டதில் போன சம்பளம் தனி. அம்மாவுக்கு ஏறிய பிரஷர் இன்னும் இறங்கவில்லை.

இப்போது மேல் இரண்டு தளமும் பூசாத செங்கல்லோடு சீலில் நிற்கின்றன. கீழ்த் தளங்களில் ஆள் தங்க ஆரம்பித்துவிட்டார்கள். அரசிடம் அவர் போட்ட மறுசீராய்வு இன்னும் முடியவில்லை. சேத வழக்கில் ஆணையர் அறிக்கை எங்கள் பக்கம் வந்திருக்கிறது, சாட்சி விசாரணை ஆரம்பிக்க வேண்டும். ரிப்பேருக்குக் கொடுத்த பணத்துக்கெல்லாம் பில் கேட்டு வாங்கியிருந்தேன், கொத்தனாரிடம்கூடத் துண்டுச் சீட்டில் தொகையும் தேதியும் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். வக்கீல் முதலில் கேட்டதே அந்தச் சீட்டுகளைத்தான், அதனால் நீங்களும் வாங்கி வையுங்கள். அசலை நீங்கள் வைத்துக்கொண்டு வக்கீலுக்கு ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள், கோர்ட்டில் தாக்கல் செய்கிற அன்றைக்கு அசலைக் கொண்டுபோனால் போதும்.